அப்பாவின் கேரம் பெருமையை இணையத்தில் ஏற்றலாமா? ஒரு வாசகிக்கு வழக்கறிஞரின் பதில்

வடசென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, மன்றம் என அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 73 வயது. காசிமேட்டுப் பக்கம் தெருமுனை மன்றம் ஒன்றில் கேரம் ஆடத் தொடங்கியவர், 1970-களின் கடைசியில் மாநில ஒற்றையர் பட்டம் வென்றார். தேசியப் போட்டிகளில் தமிழ்நாட்டு அணிக்காகவும் ஆடினார். அந்த ஆட்டம்தான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. விரல் மூட்டு வலி வந்ததால் 1985 வாக்கில் போட்டிகளை விட்டுவிட்டார். கோப்பை, சான்றிதழ், நாளிதழ் துணுக்குகள், புகைப்படங்கள், அவர் ஆடிய பழைய தந்த ஸ்ட்ரைக்கர் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது பாதி நனைந்துவிட்டது. போன வருடத்திலிருந்து அப்பாவுக்கு மறதியும் தொடங்கியிருக்கிறது. ஆரம்பநிலைதான் என்கிறார் மருத்துவர்.

மிச்சம் இருப்பதையாவது ஸ்கேன் செய்து, 'உலக கேரம் சாம்பியன்' என்ற தலைப்பில் ஓர் இணையதளம் தொடங்க வேண்டும் என்பது மகளின் ஆசை. விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். தம்பி எதிர்க்கிறார். 1982-இல் தன்னை அணியிலிருந்து நீக்கியவர்களைப் பற்றி அப்பா பெயர் சொல்லிப் பேசுவார், வழக்கு வரும் என்பது அவர் பயம். எது செய்தாலும் மகன் பெயரில்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். அப்பாவோ, "எதுக்கும்மா இதெல்லாம், விடு" என்கிறார். "எங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது எங்களுக்குத்தானே சொந்தம்? பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் செய்ய நினைப்பது நல்ல காரியம், அவசியமான காரியமும் கூட. வடசென்னையின் கேரம் வரலாற்றில் மேலே வந்த சிலருடைய பெயர்தான் பதிவாகியிருக்கிறது. மரிய இருதயம் 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியதும், வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றதும், புதுவண்ணாரப்பேட்டைக் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றதும் செய்தியாக வந்தன. அவர்களுக்கு முன்னால் மன்றங்களில் தொங்கிய ஒற்றை பல்பின் கீழ் ஆடி, இந்த ஆட்டத்தைத் தெருத்தெருவாக வளர்த்தவர்களைப் பற்றி இணையத்தில் தேடினால் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. உங்கள் அப்பா அந்தத் தலைமுறைக்காரர். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசையை மாற்ற வேண்டும். இணையதளம் கடைசி. முதலில் அப்பாவின் குரல்.

முதலில் அவர் சம்மதம்

"பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா" என்று கேட்கிறீர்கள். அப்பா உயிரோடு, சுயநினைவோடு இருக்கும்வரை அவர் வாழ்க்கையைப் பற்றி முடிவு செய்பவர் அவர் மட்டுமே. ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பொது ஆவணங்களில் உள்ளதை யாரும் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்க விஷயங்களை, உண்மையாகவே இருந்தாலும், அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. அப்பா வென்ற பட்டம் பொது விஷயம். அவருடைய விரல் வலி, கடன், மறதி எல்லாம் அவருக்குச் சொந்தமானவை.

அவருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குச் சொத்துபோல வந்து சேராது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எதைச் சொல்லலாம், எது வேண்டாம் என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இதுதான்.

மறதி தொடங்கிவிட்டது என்பதால் அவர் சம்மதம் செல்லாது என்றும் நினைக்காதீர்கள். ஒருவர் சில நேரம் குழம்பியும் சில நேரம் தெளிவாகவும் இருந்தால், தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லும் என்று நம் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. காலை நேரத்தில், அவர் நன்றாக இருக்கும்போது, தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். "வெப்சைட் போடட்டுமாப்பா?" என்று மொத்தமாகக் கேட்டால் "எதுக்கும்மா" என்றுதான் பதில் வரும். தனித்தனியாகக் கேளுங்கள். கோப்பையோடு நிற்கும் படத்தைப் போடலாமா? உங்கள் குரலைப் போடலாமா? வேலை கிடைத்த கதையைச் சொல்லலாமா? அவர் 'சரி' சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 'வேண்டாம்' என்றதையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றால், அதை மதித்து வீட்டுக்குள் மட்டும் ஒரு தொகுப்பு செய்யுங்கள். அதுவும் நல்ல வேலைதான்.

பேச வைப்பது எப்படி

இது சட்டக் கேள்வி அல்ல, நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனாலும் இதைத்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். பழைய நாட்களைப் பற்றிப் பேசுங்கள் என்று மைக்கை நீட்டினால் மறதி உள்ளவர் திணறிப்போவார். கேரம் போர்டை அவர் முன்னால் வையுங்கள். போரிக் பவுடரைத் தூவி, காயின்களை அடுக்கி, ஸ்ட்ரைக்கரை அவர் கையில் கொடுங்கள். வருடமும் ஊரும் மறந்து போனவர்களுக்குக்கூட விரல் பழகிய வேலை பெரும்பாலும் நெடுநாள் நினைவில் நிற்கும். கையோடு பேச்சும் வரும்.

மாநில இறுதி ஆட்டத்தில் அவர் 'வெள்ளை ஸ்லாம்' போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பிரேக் அடித்து, எதிராளிக்கு ஒரு வாய்ப்பும் தராமல் 9 வெள்ளையையும் ரெட்டையும் முதல் கையிலேயே முடிப்பது சாதாரண விஷயம் அல்ல. அதைச் சொல்லச் சொல்லாதீர்கள், ஆடிக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் காயினில் தொடங்கினார்? ரெட்டை எப்போது எடுத்தார், அதை அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ எந்தக் காயின்? பின்பக்கக் காயினைக் கட்டைவிரலால் அடித்தாரா, ரிபவுண்ட் எடுத்தாரா? போனை ஒரு ஸ்டாண்டில் போர்டுக்கு நேர் மேலே வைத்து விரல் தெரியும்படி ஒன்று, முகம் தெரியும்படி இன்னொன்று எடுங்கள். அரை மணி நேரம் போதும். சோர்ந்துவிட்டால் நிறுத்திவிட்டு வேறொரு நாள் உட்காருங்கள். ஒரு வருடத்தையோ பெயரையோ மாற்றிச் சொன்னால் அங்கேயே திருத்தாதீர்கள். திருத்தினால் பேச்சு நின்றுவிடும், சரிபார்ப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம். அவரோடு ஆடிய பழைய நண்பர் ஒருவர் கிடைத்தால் எதிரே உட்கார வையுங்கள். நீங்கள் நூறு கேள்வி கேட்டு வாங்க முடியாததை அவர் ஒரே வார்த்தையில் வாங்கிவிடுவார்.

மன்றத்தைப் பற்றியும் கேளுங்கள். போர்டு வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, வெளியூர்ப் போட்டிக்கு யார் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள், பெண்கள் ஆடினார்களா. இவை எந்தச் சான்றிதழிலும் இருக்காது.

பெட்டியில் இருப்பதும் பதிப்புரிமையும் ஒன்றல்ல

அந்தக் காகிதம் உங்களுக்குச் சொந்தம். அதில் அச்சாகியிருக்கும் செய்தியும் படமும் பெரும்பாலும் நாளிதழுக்குச் சொந்தம். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளியான புகைப்படத்துக்கு, அதை எடுத்தவர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. 1978-இல் வந்த படத்துக்கும் அது இன்னும் முடிந்திருக்காது. வீட்டில் பாதுகாக்க ஸ்கேன் செய்து வைப்பதில் சிக்கல் இல்லை. முழுத் துணுக்கையும் பொதுவெளியில் ஏற்றுவதற்குத்தான் அனுமதி வேண்டும். அந்த நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், நோக்கத்தைச் சொன்னால் சிலர் தருவார்கள். அனுமதி வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. யாரை, எங்கே, எந்தக் கணக்கில் வென்றார் என்பதை உங்கள் சொந்த நடையில் எழுதி, நாளிதழின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் குறிப்பிடலாம்.

துணுக்கில் தேதி இல்லையே என்பீர்கள். வெட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் தேதியை விட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் நாட்டில் வெளியாகும் நூல், நாளிதழ் பிரதிகள் சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் ஒன்று. போட்டி நடந்த மாதம் தெரிந்தால் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.

புகைப்படங்களில் ஒரு நல்ல செய்தி. அப்பா பணம் கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்த படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். மன்றம் காசு கொடுத்து எடுத்த குழுப் படம் என்றால் மன்றத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பா தன் படங்களின் உரிமையை உங்களுக்குத் தர விரும்பினால், வாய்ச்சொல் போதாது. எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்துக்கு எல்லை கிடையாது என்பதால் 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள்.

நனைந்தவற்றுக்கு ஒரே எச்சரிக்கை: லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரிக்க இழுக்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் ஆலோசனை கேட்கலாம்.

உலக சாம்பியன் என்ற பட்டம் வேண்டாம்

தெருவில் எல்லோரும் அன்பாக அப்படித்தான் அழைக்கிறார்கள், வந்திருந்த இலங்கை வீரர்களை அவர் வென்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வெற்றியைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988-இல்தான், அதுவும் நம் சென்னையில்தான், தொடங்கப்பட்டது. முதல் உலக சாம்பியன் போட்டி 1991-இல் நடந்தது. 1985-இல் ஆட்டத்தை விட்டவர் உலக சாம்பியனாக இருக்க வழியில்லை. கேரம் தெரிந்த யாரும் தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடுவார்கள். அப்புறம் அவர் உண்மையாக வென்ற மாநிலப் பட்டத்தையும் சந்தேகப்படுவார்கள். உலகப் போட்டி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் மாநிலப் பட்டமே ஒரு கேரம் வீரருக்குப் பெரிய மேடைதான். அதை அப்படியே எழுதினாலே அவர் உயரம் புரியும்.

1982 விவகாரம்

உங்கள் தம்பியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெயர் சொல்லி, 'காசு வாங்கிக்கொண்டு என்னை நீக்கினார்கள்' என்று வெளியிட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். 2 வருடம் வரை சிறை, அபராதம், அல்லது சமூக சேவை தண்டனையாக விதிக்கப்படலாம். சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டாலும் அவர் குடும்பத்தைப் புண்படுத்தும் வகையில் எழுதினால் இதே பிரிவு பாயும். உண்மை என்று சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது. பொது நன்மைக்காக வெளியிட்டோம் என்பதையும், உண்மை என்பதற்கான ஆதாரத்தையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். 40 வருடத்துக்கு முந்தைய தேர்வுக்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்?

அதற்காக அப்பாவின் வாயை அடைக்காதீர்கள். அந்த வலி அவருடைய ஆட்ட வாழ்க்கையில் ஒரு பகுதி. பதிவு செய்யும்போது பெயரோடு முழுதாகச் சொல்லட்டும். அந்தப் பதிவைக் குடும்பத்துக்குள் பூட்டி வையுங்கள். பொதுவெளியில், '1982-இல் அணியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு பல மாதம் போர்டைத் தொடவில்லை' என்பதுபோல, அவருக்கு நேர்ந்ததை மட்டும் போடுங்கள். யார் காரணம் என்று சொல்லாமலே அவர் பட்டது படிப்பவருக்குப் போய்ச் சேரும்.

அந்தத் தந்த ஸ்ட்ரைக்கர்

இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. அந்தக் காலத்தில் யானைத் தந்தத்தில் ஸ்ட்ரைக்கர் செய்வது வழக்கம். இப்போது தந்தப் பொருளை வாங்குவது, விற்பது, உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டக்கூடியவை. அது எலும்பாகவோ பிளாஸ்டிக்காகவோகூட இருக்கலாம். 'அப்பாவின் தந்த ஸ்ட்ரைக்கர்' என்று படம் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள். யார் கேட்டாலும் விற்காதீர்கள், கைமாற்றாதீர்கள்.

விக்கிப்பீடியா, வெப்சைட், யார் பெயரில்

விக்கிப்பீடியா பக்கத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அங்கே யாரும் இலவசமாக எழுதலாம், பணம் வாங்கிக்கொண்டு நிரந்தரப் பக்கம் என்று யாராலும் உறுதி தர முடியாது. குடும்பத்தினர் எழுதுவதை அங்கே விரும்பமாட்டார்கள். நாளிதழ் போன்ற வெளி ஆதாரம் இல்லாத பக்கம் நீக்கப்படும். ஆதாரங்களை நீங்கள் திரட்டி வைத்தால், பிறகு தொடர்பில்லாத ஒருவர் எழுதுவார். அங்கே படம் ஏற்றும்போது கவனம்: உலகில் யாரும், வியாபாரத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்று அனுமதி தருகிறீர்கள். அதைத் திரும்ப வாங்க முடியாது. அப்பாவுக்கு இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சான்றிதழ்களை ஏற்றும் முன் பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து, பணியாளர் எண் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். ஓய்வூதியக்காரர்களைக் குறிவைத்துப் போலீஸ் என்றும் வங்கி என்றும் பேசி ஏமாற்றுகிறவர்களுக்கு இவை போதும். அப்படி ஏதாவது அழைப்பு வந்து பணம் போனால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்று அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

இணையதளத்தின் பெயரை வருடா வருடம் புதுப்பிக்காவிட்டால் பக்கம் போய்விடும். கூகுள் கணக்கை 2 வருடம் தொடாமல் விட்டால் அதையும் நீக்கிவிடுவார்கள். அதனால் மூலப் பதிவுகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை வெள்ளம் வராத வேறொரு வீட்டில், முடிந்தால் மாடியில், வையுங்கள். மிக்ஜாமுக்குப் பிறகு உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மகன் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் ஓர் அடிப்படையும் இல்லை. வேலை செய்கிறவர் நீங்கள், உங்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம். ஆனால் கடவுச்சொல்லும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் தம்பியிடம் இருக்கட்டும். இருவர் சம்மதம் இல்லாமல் எதையும் ஏற்றவோ நீக்கவோ கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அப்பாவைச் சாட்சியாகப் போடச் சொல்லுங்கள். 1982 பகுதியைப் பூட்டி வைக்கும் பொறுப்பைத் தம்பியிடமே கொடுத்தால் அவர் எதிர்ப்பு பாதி குறையும் என்று நினைக்கிறேன். அந்தத் தாளையும் அப்பாவின் சம்மதக் கடிதத்தையும் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதற்குக் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போர்டை எடுத்து வைத்து அப்பாவை உட்கார வையுங்கள்.